சும்மா பட்டன்

பக்கத்துக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்பதைக் காதால் கேட்டே வயிறு எரிவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு. என் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கும் பட்டன் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ‘டிங்’ என்று மணி அடித்தால், இந்தப் பக்கம் என் கையில் ஸ்க்ரூ டிரைவர் ஒரு நொடி நிற்கும். அந்த மழைக்காலத்தில் அது நின்ற நேரம்தான் அதிகம். என் கடைக்கு ஈக்கள் கூட நனைந்துவிடுமோ என்று பயந்து வராமல் இருந்தன. அங்கேயோ டிங், டிங் என்று ஒரே கொண்டாட்டம்.

மணி அடித்தது கல்லாப்பெட்டி. கல்லாப்பெட்டி என்றால் மூடியில் ஓட்டை போட்ட மரப்பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இது பித்தளை உடம்பில் பூவும் கொடியும் வார்த்த மெஷின். ஒரு ஆளால் தூக்க முடியாது. இரண்டு ஆள் தூக்கினால் இரண்டு பேருக்கும் இடுப்பு பிடிக்கும். ஏதோ ஒரு பழைய ஹோட்டலை இடித்தபோது பட்டன்கடை அண்ணன் ஏலத்தில் எடுத்தது. தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல், நெஞ்சில் வரிசை வரிசையாக வட்டப் பட்டன்கள். ஐந்தை அமுக்கினால் ஜன்னலில் ‘5’ என்று எழுதிய தகடு எழுந்து நிற்கும். அதற்கு முன் நின்றுகொண்டிருந்த தகடு படுத்துக்கொள்ளும். மணி அடிக்கும். கீழே டிராயர் துள்ளிக்கொண்டு வெளியே வந்து அண்ணனின் தொப்பையில் இடிக்கும். கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. விரல் கொடுக்கும் அழுத்தம்தான் அதற்குச் சாப்பாடு.

வலது கோடியில் மட்டும் தனியாக ஒரு பட்டன். அதில் எண் கிடையாது. ‘நோ சேல்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். எதையும் விற்காமல், சில்லறை மாற்றிக் கொடுக்க டிராயரைத் திறப்பதற்காக வைத்தது. அமுக்கினால் மணி அடிக்கும், டிராயர் வரும், ஆனால் கணக்கில் ஏறாது. அண்ணன் அதற்கு வைத்திருந்த பெயர் சும்மா பட்டன்.

“நோ சேல்னா என்ன? விக்கிறதுக்கு இல்லைன்னு அர்த்தம். இந்தக் கடையில விக்கிறதுக்கு இல்லாத பட்டன் இது ஒண்ணுதான்.”

கடைக்கு வரும் ஒவ்வொரு புது ஆளிடமும் இதைச் சொல்வார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். மாடியிலிருந்து அண்ணி, அந்த ஜோக்குக்குப் பல் முளைத்து, பல் விழுந்து, பேரனும் எடுத்தாச்சு, இனியாவது விட்டுவிடுங்கள் என்று குரல் கொடுப்பார். அண்ணன் விட்டதில்லை. அந்தக் கடையில் பட்டன், ஹூக், ஜிப், லேஸ், நூல்கண்டு என்று ஆயிரம் சாமான் இருந்தாலும், ஜனம் வந்தது அவர் பேச்சுக்காகத்தான். ஒரு ஜிப் வாங்க வந்தவர்கள் மூன்று ஜிப்போடும், தங்கள் மாமியாரைப் பற்றி ஒரு புதுக் கருத்தோடும் திரும்பிப் போவார்கள்.

எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: மிச்சம். நான் எந்த மெஷினைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். மெஷின் ஓடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று மிஞ்சும். அப்படி மிஞ்சியவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். “வாடா மிச்சம், டப்பா நிறைஞ்சுதா? நிறைஞ்சதும் சொல்லு. அதை வச்சே புதுசா ஒரு மெஷின் பண்ணிடலாம்” என்பார்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் காலையில், கடையைத் திறக்கும்போதே, ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது, அத்தனை வார்த்தைகளில் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருந்தது.

“சரி.”

கஞ்சி வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றால் சரி. வலிக்கிறதா, சரி. வலிக்கவில்லையா, சரி. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றுக்குக் கூடச் சரி என்று சொன்னதில்லை, இப்போது மொத்தமாகச் சேர்த்துத் தீர்க்கிறார் என்று அண்ணி சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிரித்தேன். சிரிக்கிற நேரம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் முகத்துக்கு வேறு வேலை தெரியாது.

அவருக்குக் கடைக்கு நேர் மேலே இருந்த அறையில் கட்டில் போட்டார்கள். பலகைத் தளம் அது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையாத இடைவெளி. ராத்திரியில் கடை விளக்கு எரிந்தால் மாடித் தரையில் கோடு கோடாக வெளிச்சம் வரும். கீழே ஊசி விழுந்தால் மேலே கேட்கும் என்று சொல்வது வழக்கம்தான். இங்கே அது நிஜமாகவே நடந்தது, கீழே விற்றதே ஊசிதானே.

அண்ணி கடைக்கு வந்து உட்கார்ந்தார். பேசி விற்கத் தெரியாதவர். கேட்டதை எடுத்துக் கொடுப்பார், விலை சொல்வார், அவ்வளவுதான். முதல் நாள் முதல் வியாபாரத்துக்கு மணி அடித்தபோது, மேலே இருந்து தெளிவாக ஒரு “சரி” வந்ததாம். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மணியைக் கேட்டு மனிதருக்குத் தெம்பு வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டர் எழுதிய மாத்திரையை விட அந்த மணியைத்தான் அவர் நம்பினார். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க வேறு என்ன கையில் இருந்தது?

வெளியூரில் இருந்த மகள் அடிக்கடி வந்து போனாள். கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. கெட்டிக்காரி, பாசக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. “என்கூட வந்துடறீங்களாப்பா?” என்று கேட்டாள். “சரி” என்றார். அப்பாவே சரி சொல்லிவிட்டார் என்று அவள் அம்மாவிடம் வந்தாள். அண்ணி போய், இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்டார். அதற்கும் “சரி.” மகள் விடவில்லை, முதலில் சொன்ன சரிதான் செல்லும் என்றாள். எலெக்‌ஷன் கூட இவ்வளவு இழுபறியாக நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை வேனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“போகணும்னா போயிடலாம் தம்பி. இருக்கணும்னா இருந்துடலாம்” என்று அண்ணி என்னிடம் சொன்னார். “அவருக்கு எது வேணும்னு தெரிஞ்சாப் போதும். அது ஒண்ணுதான் தெரிய மாட்டேங்குது.”

இதற்கு நடுவில் அண்ணனிடம் புதிதாக ஒரு சத்தம் கிளம்பியது. மணி அடிக்கும், “சரி” என்பார். அப்புறம் சில நேரம், வாயைக் கோணிக்கொண்டு, “சு… சு…” என்பார். முதலில் கேட்டது நான்தான், கண்டுபிடித்ததும் நான்தான். சுடுதண்ணி கேட்கிறார் என்றேன். என் பேச்சை நம்பி அண்ணி பிளாஸ்க் வாங்கி வைத்தார். மனிதர் ‘சு’ என்று ஆரம்பித்தாலே போதும், ஒரு டம்ளர் வெந்நீர் வாய்க்குப் போய்விடும். பிறகு அதன் விளைவாக ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பாவம், குடம் குடமாகக் குடித்தார்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு யாரும் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

“வாங்கக்கா, நனைஞ்சுட்டீங்களே. மெரூன் கலரா? இருக்கே. பெரிய சைசா, சின்னதா?”

கொஞ்சம் இடைவெளி.

“ஆமா ஆமா, சாயமெல்லாம் போகாது.”

டிங்.

இந்த மழையில் மெரூன் பட்டன் இல்லாமல் உயிர் வாழ முடியாத அந்தப் பெண்மணி யார் என்று பார்த்தே ஆக வேண்டும் என்று எழுந்து போனேன். கடையில் அண்ணி மட்டும் இருந்தார். வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். டிராயர் திறந்திருந்தது. பக்கத்தில் ஜோடி சேராத ஒற்றைப் பட்டன்களைப் போட்டு வைக்கும் தகர டப்பா. அதிலிருந்து ஒன்றை எடுத்து டிராயருக்குள் போட்டார், மூடினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மேலே இருந்து “சரி” என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, “சு… சு…”

முனையில் பெரிய கடை ஒன்று திறந்ததிலிருந்து தையல்காரர்கள் அங்கேதான் போகிறார்கள் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த மணிகளை வைத்து நான் வயிறு எரிந்த எரிச்சலை எல்லாம் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? அண்ணி உதட்டில் விரலை வைத்து, கண்ணால் மேலே காட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் குரலில், “அக்கா, எனக்கு ஒரு ஹூக் அட்டை குடுங்க” என்றேன். எண்ணெய் போடாத பெடலை மிதித்தது போல் இருந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியதில், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கையை நீட்டிச் சும்மா பட்டனை அமுக்கினார்.

டிங்.

அன்றிலிருந்து அந்த நாடகக் கம்பெனியில் நானும் ஒரு நடிகன். ஒரு நாள் டீச்சரம்மா, ஒரு நாள் கல்யாண வயதுப் பெண், ஒரு நாள் இருமல் பிடித்த டெய்லர். பேரம் மட்டும் பேசவே மாட்டேன். அதுவே பெரிய தப்பு என்று பிறகு தோன்றியது. பேரம் பேசாத கஸ்டமர் உலகத்தில் உண்டா?

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி என் கடை வாசலில் வந்து நின்றார். குடை பிடிக்காமல் வந்திருந்தார்.

“தம்பி, மணி அடிக்க மாட்டேங்குது. பட்டன் பாதியிலயே நிக்குது. காலையிலேருந்து அவர் கஞ்சி குடிக்கலை. தரையையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கார். சரின்னு கூடச் சொல்லலை.”

எனக்குத் தெரிந்தது தையல் மெஷின். கல்லாப்பெட்டியின் உள்ளே நான் தலையை விட்டதே இல்லை, அண்ணன் விட்டதில்லை. “உன் டப்பாவுக்கு என் பெட்டியிலேருந்து ஸ்க்ரூ தர மாட்டேன்” என்பார். அதைச் சொன்னேன். எல்லாம் இரும்புதானே, நீயும் மெக்கானிக்தானே என்றார் அண்ணி. இந்த மாதிரி நம்பிக்கையை யாராவது நம் மேல் வைத்துவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது.

மெஷினைத் திருப்பி வைத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். அண்ணி முன்ஜாக்கிரதையாக ஒரு சாசரை நீட்டினார். ஸ்க்ரூக்களை எல்லாம் அதில் போட வேண்டும், ஒன்று கூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. அவர் டார்ச் பிடிக்க, நான் உள்ளே பார்த்தேன்.

பார்த்ததும் பயம் போய்விட்டது. அழகாக இருந்தது. வெளியே தெரியும் ஒவ்வொரு பட்டனும் உள்ளே ஒரு நீளக் கம்பியின் தலை. கம்பி நடுவில் ஒரு அச்சில் ஏற்றமரம் போல உட்கார்ந்திருக்கிறது. தலையை அமுக்கினால் வால் தூக்கும். வால் மேல் செங்குத்தாக ஒரு குச்சி. குச்சியின் உச்சியில் எண் எழுதிய தகடு. வால் தூக்கியதும் தகடு ஜன்னலுக்கு ஏறுகிறது. குறுக்கே ஒரு பட்டை கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறது. அந்த நேரத்தில் முன்னால் நின்ற பழைய தகடு பிடி நழுவி விழுந்துவிடுகிறது. புதுசைப் பட்டை பிடித்துக்கொள்கிறது. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம் என்ற ஏற்பாடு.

கீழே ஒரே தண்டில் வரிசையாகப் பல்சக்கரங்கள், பாபின்களைக் கோத்து வைத்தது போல. ஐந்தை அமுக்கினால் கம்பி போகிற போக்கில் சக்கரத்தை ஐந்து பல் தள்ளிவிடும். சக்கரம் ஒன்பதைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வரும்போது, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன முள், பக்கத்துச் சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்தும். பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று முழங்கையால் இடிக்கிற மாதிரி. இப்படித்தான் அது கூட்டல் போடுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் கையில் ஏறியதை மறந்து மறந்து அடி வாங்கியவன். இந்தப் பெட்டிக்கு அந்த ஞாபகம் ஒரு முள்ளில் இருந்தது.

எல்லாவற்றின் மேலும் தூசி. கம்பிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. ஒரே ஒரு கம்பி மட்டும் மோதிரம் போலப் பளபளத்தது. வலது கோடி, சும்மா பட்டனுடைய கம்பி. அது மற்றவை மாதிரி சக்கரங்களின் பக்கமே போகவில்லை. நேராக மணிச் சுத்தியலுக்கும் டிராயர் கொக்கிக்கும் போய்விட்டது. சக்கரங்களோடு அதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை. இதைக் கண்ணால் பார்த்தேன், விரலால் தடவியும் பார்த்தேன். அதற்கு மேல் என் மூளை ஒரு பல் கூட நகரவில்லை.

கொக்கியை நெம்பி டிராயரை இழுத்தேன். வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. சில்லறை போடும் மரக் கிண்ணங்கள் எல்லாவற்றிலும் பட்டன். சிப்பி பட்டன், கொம்பு பட்டன், குழந்தைச் சட்டையின் வாத்து பட்டன், போலீஸ்காரன் மார்பிலிருந்து வந்தது போல ஒரு பித்தளை பட்டன். ஜோடியைத் தொலைத்த அத்தனையும் குவிந்து, வழிந்து, டிராயரின் பின்பக்கம் வரை போயிருந்தன.

“சும்மா திறந்து சும்மா மூடுறதுக்குக் கைக்குக் கூச்சமா இருந்துது தம்பி” என்றார் அண்ணி, டார்ச்சைப் பார்த்துக்கொண்டு. “எதையாவது போட்டாதானே மூட மனசு வருது. அதான் ஒவ்வொரு மணிக்கும் ஒண்ணு போட்டேன்.”

“இதுக்கு அஞ்சையோ பத்தையோ அமுக்கிட்டுப் போயிருக்கலாமே அண்ணி? மணி ஒரே மணிதானே.”

“வித்தாதானே அதை அமுக்கணும்?” நான் ஏதோ திருடச் சொன்னது போலப் பார்த்தார். “அவர் எழுந்து வந்து மூடியைத் திறந்து சக்கரத்தைப் பாக்குறப்போ கணக்கு சரியா இருக்கணும்ல? மணி வேணும்னா பொய் சொல்லட்டும். கணக்கு சொல்லக் கூடாது.”

எழுந்து வந்து என்று சொன்னார். வந்தால் என்று சொல்லவில்லை. நான் பெட்டிக்குள் தலையை நன்றாக விட்டுக்கொண்டேன். அங்கே தூசி இருந்தது வசதியாகப் போயிற்று.

கோளாறு அங்கேதான் இருந்தது. வழிந்த பட்டன்களில் ஒன்று, பழுப்பு நிறக் கோட் பட்டன், நாலு துளை, டிராயரின் பின்சுவரைத் தாண்டி விழுந்து மணிச் சுத்தியலின் கைக்கும் கொக்கிக்கும் நடுவில் சப்பென்று உட்கார்ந்திருந்தது. இடுக்கியால் எடுத்தேன். கொக்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். தகட்டை மாட்டினேன். சாசரில் ஒரு ஸ்க்ரூ இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சாசரைப் பார்க்கவில்லை.

“நான் மேலே போய் அண்ணனுக்குக் கேக்குதான்னு பாக்குறேன். காலால தட்டினதும் அமுக்குங்க” என்று சொல்லிவிட்டு, கோட் பட்டனை அவர் கையில் வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தாடியில் வெள்ளை முளைத்திருந்தது. கட்டில் ஓரத்துப் பெஞ்சில் ஆறிப்போன கஞ்சியும் பிளாஸ்க்கும். பெட்டியைச் சரி பண்ணிவிட்டேன், ஒரு ஸ்க்ரூதான் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணில் ஏதோ அசைந்தது. நான் பலகையைக் காலால் தட்டினேன்.

டிங். அடியில் டிராயர் மோதும் சத்தம்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். முகம் முழுக்க ஒரு பக்கமாக இழுத்தது. “சு…” என்றார்.

“இதோ” என்று பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை ஊற்றினேன். அவருடைய இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி. தண்ணீர் என் முழங்கால் மேல் சிந்தியது, சத்தியமாகச் சுட்டது.

“சு… ம்… மா.”

எனக்குப் புரியவில்லை. என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கீழே அண்ணி, சத்தம் கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாமல், இன்னொரு முறை அமுக்கினார். டிங். அண்ணன் விரலைத் தரைப் பக்கம் காட்டினார்.

“சும்மா” என்றார். இந்த முறை தெளிவாக, ருசி பார்க்கிறவர் போல.

அப்போதுதான் அந்தப் பளபளத்த கம்பி என் மண்டைக்குள் வந்து இடித்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தேன். பலகையில் ஒரு இடத்தில் கணுப் பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகப் போட்டேன். கீழே மேஜையில் அது குதித்து உருளும் சத்தம் கேட்டது.

“அண்ணி, அந்தக் கோட் பட்டனை எனக்கு வித்துடுங்க. காசு வந்துடுச்சா?”

“இது உனக்கு எதுக்கு?” என்றது கீழே இருந்து.

“வேணும் அண்ணி. நம்பர் பட்டனை அமுக்குங்க. சும்மா இல்லை, நம்பர்.”

பிறகு நான் தரையில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் ஒரு கனத்த ‘டொக்’. அதற்குள்ளேயே, மெல்ல, ‘கிர்ர்ர்’ என்று பல்சக்கரம் பல் பல்லாக நகர்கிற சத்தம். அதன் முடிவில் ஒரு சின்ன ‘டிக்’; பக்கத்துச் சக்கரத்துக்கு முழங்கை இடி. அப்புறம் தகடு ஏற, தகடு விழ, டிங்.

நான் நிமிர்ந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“சரி” என்றார்.

இந்த மனிதர் எத்தனையோ வருஷம் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர். கிர்ர் இல்லாத மணி என்று முதல் சும்மாவிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்தும், கீழே ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பதற்காக, ஒவ்வொரு பொய் மணிக்கும் ஒரு சரி சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று முட்டி மோதியிருக்கிறார். நாங்கள் வாயைத் திறக்க விடாமல் வெந்நீரை ஊற்றியிருக்கிறோம்.

அண்ணி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. கையில் கோட் பட்டன்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“சரி.”

“முதல்லேருந்தா?”

“சரி.”

“அப்ப நான் யாரோடயோ பேசுற மாதிரிப் பேசினேனே, வாங்கக்கா போங்கக்கான்னு, அதெல்லாம்?”

அண்ணனின் இடது பக்க உதடு மட்டும் மேலே போயிற்று. கண்ணை என் பக்கம் திருப்பினார். தொண்டையை இறுக்கி, கீச்சென்று, எண்ணெய் போடாத பெடல் குரலில், “சரீ…” என்றார்.

என் பெண் வேஷத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு கேவலமாகச் செய்து காட்டியதில்லை. அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை அவர் உடம்பு குலுங்கியது எதனால் என்று எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டும்தான். நான் ஆறிய கஞ்சியைச் சூடு பண்ணுகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. ஆனாலும் முழுக்கக் குடித்தார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

மறுநாள் மகள் வேனோடு வந்தாள். டிரைவர் மூலையில் நின்று பீடி பற்றவைப்பதற்குள் அவள் மாடிக்குப் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டார் அண்ணி, சாட்சிக்கு.

மகள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பலாம் என்று ஆரம்பித்தவளை அண்ணி நிறுத்தி, மறுபடி ஒரு தடவை கேள் என்றார். கேட்டால் என்ன சொல்வார், சரி என்றுதானே சொல்வார் என்றாள் மகள். கேளேன் என்றார் அண்ணி.

“என்கூட வந்துடறீங்களாப்பா?”

அண்ணன் நேரம் எடுத்துக்கொண்டார். வாய் கோணியது. என் கை தானாகப் பிளாஸ்க் பக்கம் போயிற்று. அண்ணி அதை ஒரு தட்டுத் தட்டினார்.

“சும்மா” என்றார் அண்ணன்.

மகள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டாவது வார்த்தை வந்திருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் அவள் முகம் குழந்தையாக இருந்தபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பாவிடம் கேட்கத் தகுந்த கேள்வி ஏதாவது கிடைக்காதா என்று தேடியவள், “நான் கோவக்காரியாப்பா?” என்றாள்.

“சரி.”

“அம்மா சமையல் நல்லா இருக்கா?”

“சும்மா.”

“பாத்தியா தம்பி” என்றார் அண்ணி. “பேச்சு வந்ததும் முதல் வேலை இதுதான்.”

மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இங்கேயேதான் இருக்கணுமா?”

“சரி.”

“நான் உங்களை நல்லா பாத்துக்க மாட்டேனாப்பா?”

இதற்குத்தான் அண்ணன் திணறிப்போனார். சரி என்றால் ஒரு அர்த்தம், சும்மா என்றால் இன்னொரு அர்த்தம். இரண்டுமே அவர் சொல்ல நினைத்தது இல்லை. கையில் இருந்த இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டையும் விட்டுவிட்டார். இடது கையை மகளின் தலைமேல் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தார்.

வேன் வெறுமனே திரும்பிப் போகக் கூடாது என்பதற்காக, மகள் பாதிக் கடையைக் காலி செய்து பழைய அலமாரிகளை ஏற்றி அனுப்பினாள். அந்தப் பாதியில் இப்போது என் தையல் மெஷின்கள் நிற்கின்றன. பேருக்கு வாடகை கொடுக்கிறேன். ரிப்பேருக்கு வருகிற டெய்லர்கள் காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க மாட்டார்கள். ஹூக் வேண்டும், நூல் வேண்டும் என்று அண்ணியை ஏதாவது கேட்பார்கள். பெரிய கடை பெரிய கடையாகவே இருக்கிறது. மணி முன்னை விடக் குறைவாகத்தான் அடிக்கிறது. ஆனால் அடிப்பதெல்லாம் கிர்ரோடு அடிக்கிறது. என்னை இனிமேல் பெண் குரலில் பேச வேண்டாம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஸ்க்ரூ டப்பாவில்தான் இருக்கிறது. பெட்டி அது இல்லாமல் ஓடுகிறது. கோட் பட்டனும் என்னிடம்தான் இருக்கிறது. என்னிடம் கோட் கிடையாது.

மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, தெரு அடங்கிக் கிடக்கும் நேரம் ஒன்று வரும். அண்ணி அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, யாரும் இல்லை என்று நினைத்து, கல்லாப்பெட்டியின் வலது கோடிப் பட்டனில் விரலை வைப்பார். நான் ஒரு மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன்.

கிர்ர் இல்லாமல், டிக் இல்லாமல், மணி மட்டும். டிங்.

மேலே இருந்து பலகை வழியாக இறங்கும்:

“சும்மா.”

அண்ணி ஒரு பட்டனை எடுத்து டிராயரில் போட்டு மூடுவார்.